போர்டு இல்லாத வீடு

ஜூன் 2, 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலை எட்டேகாலுக்குக் குப்பண்ணனின் வேன் வாய்க்கால் மேட்டிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அந்த ஹாரனைக் கேட்டால் செத்தவன்கூட எழுந்து சீருடை மாட்டிக்கொள்வான். கேட்டில் கையை ஊன்றி நின்று பார்த்தேன். ஏழு பிள்ளைகள், ஏழு மூட்டைகள். அதில் மூன்று பேருக்குக் கண்ணாடி. சன்னலோரம் உட்காரும் சிவப்பு ரிப்பன்காரிக்கு எட்டு வயதுதான் இருக்கும்; மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் டிபன் பை, ரிட்டயர் ஆகப்போகிற தாசில்தார் மாதிரி ஒரு பார்வை. தாசில்தார் என்றே அவளுக்குப் பேர் வைத்துவிட்டேன். படி படி என்று உட்கார வைத்துக் கண்ணைக் கெடுக்க வேண்டியது, அப்புறம் கண்ணாடி மாட்டி அனுப்ப வேண்டியது. பெற்றவர்களுக்கு அதில் பெருமை வேறு.

என் மகள் நறுமுகை தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. தூக்கம் கலைந்ததும் தானாக எழுவாள்.

பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளியில் நாலு வருடம் டீச்சராக இருந்தவள் நான். அந்தச் சமையலறையைப் பார்த்தவள் அந்த ஓட்டலில் சாப்பிடமாட்டாள். அதனால்தான் இந்த வீட்டில் பெஞ்சு கிடையாது, மணி கிடையாது, போர்டு கிடையாது. என் கணவர் கோகுல்நாத் ஒருமுறை ஆசை ஆசையாகப் பாலக்காட்டுப் பக்கத்து எங்கள் டவுனான கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கரும்பலகை வாங்கிவந்தார். அது இப்போது கோழிக்கூண்டுக்குக் கதவு. கோழிகளாவது படித்து முன்னேறட்டும்.

ஜூன் 5

கோகுல் கடையிலிருந்து வந்ததும், “இன்னிக்கு நறு என்ன படிச்சா?” என்றார். “வாழ்ந்தாள்” என்றேன். “அது நானுந்தான் வாழ்ந்தேன்” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். சொட்டுநீர்க் குழாய் விற்கிறவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஜூன் 14, சனி

நாத்தனார் யோகப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து மகளோடு வந்திருந்தாள். அந்தப் பெண் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல் வருகிறது. யோகப்பிரியா முகத்தில் அந்தப் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

அதோடு விட்டாளா? பேப்பரை எடுத்து நறுவிடம் நீட்டி, “இதச் சித்தெ வாசி கண்ணு” என்றாள். நறு வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்து, “வெளிச்சம் பத்தல அத்தை” என்றாள். பகல் பன்னிரண்டு மணி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாட்டேன் என்று சொல்லாமல் மாட்டேன் என்று சொல்ல எந்தப் பள்ளிக்கூடம் சொல்லித் தரும்?

“ஒம்பது வயசாச்சுங்க அண்ணி” என்று மட்டும் சொன்னாள் யோகப்பிரியா. போகும்போது அண்ணன் காதில் நிறைய ஓதிவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் கோகுல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “செல்வி, தீபாவளி வரைக்கும் பாக்கறேன். பேப்பர்ல ஒரு பக்கம் அவளா வாசிக்கோணும். இல்லீன்னா பள்ளிக்கூடத்துல சேத்தறதுதான்.”

சரி என்றேன். தீபாவளிக்குள் தலையங்கமே வாசிப்பாள். அப்புறம் இவர்கள் எல்லோரும் எந்த முகத்தோடு இங்கே வருவார்கள் என்று பார்க்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

எங்கள் வகுப்பு கயிற்றுக் கட்டிலில். நான் வாசிப்பேன்; நறு என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு கேட்பாள். ஒரு முறை கேட்டால் போதும், முழுக் கதையும் அப்படியே திரும்பி வரும். காது அப்படி. எங்கள் கடலைக்காட்டில் வேலை செய்யும் கருப்பாத்தாக்கா வருவதை நான் பார்ப்பதற்கு முன்னால் செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறாள். குப்பண்ணன் வேனை ஹாரனை வைத்து அரை மைலில் கண்டுபிடிக்கிறாள். தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்கிறாள்.

இதையெல்லாம் வீட்டுக்கல்விப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். நாற்பது பேர் இதயம் போட்டார்கள். பெங்களூருவில் இருக்கும் ஓர் அம்மா, “காதால் கற்கும் குழந்தை, அபூர்வம்” என்று எழுதியிருந்தார். யோகப்பிரியாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். புரியாது.

ஜூலை 9, புதன்

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தோம். கருப்பாத்தாக்கா, நான், நறு. சொத்தையும் கல்லும் ஒரு பக்கம், நல்ல பருப்பு ஒரு பக்கம். நறு ஒவ்வொரு பருப்பாக விரலால் உருட்டி உருட்டிப் பொறுக்கினாள். கருப்பாத்தாக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நறு தண்ணீர் குடிக்கப் போனதும் மெதுவாகச் சொன்னாள்: “அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா எல்லாத்தையும் கையில தடவித்தான் பாக்குது. கண்ணு சித்தெ மந்தமோ என்னமோ?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கக்கா” என்று இனிமையாகச் சொன்னேன். உள்ளே எரிந்தது. ஐம்பது வருடமாகக் கடலை பொறுக்குகிறவள் இன்றைக்குக் கண் டாக்டர் ஆகிவிட்டாள். தொட்டுப் படிப்பது என்று ஒன்று இருக்கிறது, அதற்கென்றே தடித்தடியாகப் புத்தகம் இருக்கிறது என்று இவளிடம் எங்கே போய்ச் சொல்வது!

ஜூலை 22, செவ்வாய்

ஆஷா ஊழியர் ரோசி வந்தாள். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். “சேச்சி, வெள்ளியாழ்ச்ச பத்து மணிக்கு நம்ம ஸ்கூள்ல கண்ணு பரிசோதனை உண்டு. வீட்டுல படிக்கிற குட்டியயும் கூட்டிட்டு வரலாம் கேட்டோ. டாக்டரு பாலக்காட்டுல இருந்து வருது.”

பார்க்கலாம் என்றேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குகிறதே என்று கூப்பாடு போடுகிற கதை. கண்ணைக் கெடுக்கிற இடத்திலேயே கண் முகாம். என்ன வசதி!

நோட்டீஸ் நல்ல தடித்த காகிதம். நாலாக மடித்துக் கட்டிலின் ஆடுகிற காலுக்குக் கீழே வைத்தேன். இப்போது ஆடுவதில்லை.

ஜூலை 25

முகாமுக்குப் போகவில்லை. நறுவும் நானும் வாய்க்காலில் நண்டு பிடித்தோம். நான் நாலு பிடித்தேன். அவள் கையில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. “அதுக ஓடிப் போவட்டும்மா” என்றாள். அகிம்சைவாதி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே வாய்க்கால் கரையில். நறு கூட்டத்தில் ஓடிப்போய் ஒரு பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அம்மா, எனக்குச் சோளப்பொரி” என்றாள். அந்தப் பெண் பச்சைச் சேலை. நானும் பச்சைச் சேலை. “யாரு கண்ணு?” என்று அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்க, நறு குரலைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். பத்தடியில் நான் நிற்கிறேன்.

எல்லோரும் சிரித்தார்கள். “அவ எப்பவும் இப்படித்தான், வெளாட்டு” என்று நானும் சிரித்தேன். நறு சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும்வரை என் முந்தானையை விடவில்லை.

விளையாட்டுதானே?

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

தீபாவளிக்கு இரண்டே மாதம். ஒரு வாரமாக நறுவே வாசிக்கட்டும் என்று புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவருகிறேன். முதல் வரி சரியாக வரும். இரண்டாம் வரியில் புள்ளி வைத்த எழுத்தையெல்லாம் விழுங்குவாள். மூன்றாம் வரியில் தலைவலி. தினமும் இதே கூத்து. ஆனால் இன்று ஒரு பக்கம் முழுவதும் தங்குதடை இல்லாமல் வாசித்தாள்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தைத் திருப்பும்போது என் விரலில் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. கிணற்றில் விழுந்த ஆடு இந்தப் பக்கத்தில் கரையேறி ஊருக்கே போய்விட்டது. நறு இன்னும் கிணற்றிலேயே ஆட்டை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

மனப்பாடம். அத்தனையும் மனப்பாடம். என்னிடமே!

கத்தினேன். என்னடீ ஏமாத்தறே, யாருகிட்டடீ வேல காட்டறே, ஒம்பது வயசு எருமை — இப்படியெல்லாம். பொள்ளாச்சிப் பள்ளியில் என் பக்கத்து வகுப்பு டீச்சர் கத்துவாளே, நான் அவளைப் பார்த்துக் காறித் துப்பாத குறையாக இருந்தேனே, அதே வார்த்தைகள். கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவள் குனியவும் இல்லை. ஓங்கிய கை காற்றில் போன பிறகுதான் கண்ணை மூடினாள்.

“எழுத்தெல்லாம் ஒட்டிக்குதும்மா” என்று அழுதாள். சாக்கு, சோம்பேறிச் சாக்கு என்றேன். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

செப்டம்பர் 5

ஓணம். பக்கத்து வீட்டில் பூக்களம் போட்டிருந்தார்கள். நறு அதை மிதித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். இந்த வருடம் நான் கேட்கிற மன்னிப்புகள் அதிகமாகிக்கொண்டே போகின்றன.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கருப்பாத்தாக்காவுக்கு மோர் கொடுத்துவா என்று நறுவைக் காட்டுக்கு அனுப்பினேன். ரோட்டைத் தாண்ட வேண்டும். குப்பண்ணன் வேனுக்கு நேற்றிலிருந்து ஹாரன் வேலை செய்யவில்லையாம். டீசல் மிச்சம் பிடிக்க அவர் வாய்க்கால் மேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வருவார், அது ஊருக்கே தெரியும். சத்தமே இல்லாமல் வேன் வந்தது. நறு நடு ரோட்டில் நின்றுகொண்டு அதைப் பார்த்தபடியே இருந்தாள். நகரவே இல்லை. நான் கேட்டிலிருந்து கத்தினேன். பிரேக் அடித்தார். அவள் தடுமாறி விழுந்து, முட்டி இரண்டும் தேய்ந்து, தூக்குப்போசி மோரெல்லாம் ரோட்டில்.

குப்பண்ணன் இறங்கி ஓடி வந்தார். முகம் வெளுத்துவிட்டது. “ஏனுங்க அம்மிணி, இத்தாப் பெரிய மஞ்ச வண்டி! பாப்பா நேராப் பாத்துக்கிட்டேதானுங்க நின்னுது! தெரியிலீங்களா அதுக்கு?”

“எஞ்சின அமத்திப்போட்டு வந்தா எப்படிங்க தெரியும்?” என்று நான் எகிறினேன்.

“வண்டியக் கண்ணுலதானுங்க பாக்கோணும்?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நான் குனிந்து தூக்குப்போசியை எடுத்தேன்.

பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். தாசில்தார், அந்தச் சிவப்பு ரிப்பன்காரி, நறுவின் எதிரில் குந்தி உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்தாள். “உனக்கும் மங்கலாத் தெரியுமா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்று சொல்லித் தன் கண்ணாடியைக் கழற்றி நறுவின் மூக்கில் மாட்டிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

நறு தலையைத் தூக்கினாள். வேனைப் பார்த்தாள். வாய் திறந்தபடி இருந்தாள். அப்புறம் வேனின் முன் கண்ணாடியில் குப்பண்ணன் எழுதி வைத்திருப்பதை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். மா. சா. ணி. ய. ம். ம. ன். துணை. புள்ளி ஒன்றுகூட விடவில்லை.

அதை நான் அவளுக்கு ஒருநாளும் வாசித்துக் காட்டியது கிடையாது.

எழுத்து தெரியும் அவளுக்கு. எப்போதிருந்து தெரியும்? எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 22, திங்கள்

பொள்ளாச்சி. கண் ஆஸ்பத்திரி. இரண்டு தடவை சொட்டு மருந்து விட்டு, மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண், என்னைவிட வயது குறைவு. இரண்டு கண்ணிலும் பவர் அதிகம் என்றாள். தூரம் அறவே தெரியாது, பக்கத்தில் இருப்பதும் கலங்கித்தான் தெரியும், எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியதுபோல் இருக்கும், உற்றுப் பார்த்தால் தலை வலிக்கும். நறு சொன்ன அதே வார்த்தை. ஒட்டிக்கொள்ளும்.

“இடது கண்ணு வேலை செய்யறதையே கிட்டத்தட்ட விட்டுருச்சுங்க. வலது கண்ணைத் தினம் ரெண்டு மணி நேரம் மூடி வைங்க, இது கொஞ்சம் பழகட்டும். முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கோணும்” என்றாள். பிறகு சீட்டு எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: “போர்டு தெரியலைன்னு டீச்சர் யாரும் சொல்லலீங்களா?”

“எங்க ஊட்டுல போர்டு இல்லைங்க. நான்தான் டீச்சர்” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். பொள்ளாச்சியில் நான் எத்தனை பெற்றோர்களை இந்தப் பார்வை பார்த்து அனுப்பியிருப்பேன்.

வரும் வழியில் கோகுல்தான் வண்டி ஓட்டினார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் ஆரம்பித்திருந்தால் கோபாலபுரம் செக்போஸ்ட் வரும்வரை சண்டை போட்டிருப்பேன். அவர் வண்டியை நிறுத்தி எனக்கு டீ வாங்கித் தந்தார். அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

மந்தமோ என்னமோ என்று ஜூலையிலேயே சொன்னாளே. படிக்காதவள். கடலை பொறுக்குகிறவள்!

செப்டம்பர் 23

வாட்ஸ்அப் குழுவில் எழுதிய அந்தக் “காதால் கற்கும் குழந்தை” செய்தியைத் தேடி எடுத்துப் படித்தேன். எங்கள் வீட்டில் பார்வை தெரியாத ஆள் நறு மட்டும் அல்ல. குழுவிலிருந்து விலகிவிட்டேன். அழிக்க முடியவில்லை, நாள் கடந்துவிட்டதாம்.

அக்டோபர் 4, சனி

கண்ணாடி வந்தது. நீலச் சட்டம், அவளே எடுத்தது. போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். விட்டத்தில் பல்லி இருக்கிறது என்றாள். கருப்பாத்தாக்காவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி இருக்கிறது என்றாள். ஏழு வருடமாகத் தினமும் வருகிறவள். “எனக்கு ஒண்ணுன்னுதான் தெரியும்” என்றாள் நறு. கருப்பாத்தாக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் வரை முயற்சி செய்தேன். “நாளைக்கு வெள்ளன வந்துருங்கக்கா” என்றுதான் வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

யோகப்பிரியா பார்க்க வந்தாள். பழம், பிஸ்கட், ஒரு கதைப் புத்தகம். குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். “நல்லவேளைங்க அண்ணி, இப்பவாவது தெரிஞ்சுதே” என்று தொடங்கித் தன் மகளுக்குக் கண்ணாடி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நல்லபடியாகத்தான் கேட்டேன், நல்லபடியாகத்தான் பதில் சொன்னேன். நறு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு கேட்டாள். “அம்மா, அத்தை பேசறப்ப நீங்க ஏன் மூஞ்சிய அப்படிப் பண்றீங்க?”

“எப்படி?”

செய்து காட்டினாள். இடது பக்க உதடு மேலே ஏற, மூக்கு சுருங்க, கண்ணைப் பாதி மூடி. கண்ணாடி முன்னால் நின்றதுபோல் இருந்தது.

“கருப்பாத்தாக்கா பேசறப்பவும் பண்ணுனீங்க. அந்த டாக்டர் பேசறப்ப எனக்குத் தெரியல, அப்ப கண்ணாடி இல்ல.” கொஞ்சம் யோசித்தாள். “உங்க கொரலு அப்படி இருக்காதும்மா. நல்லா இருக்கும். நான் மூஞ்சியும் அப்படித்தான்னு நெனச்சுட்டிருந்தேன்.”

அடுப்பில் எதையோ பார்ப்பதுபோல் எழுந்தேன். பின்னாலேயே வந்தாள்.

“எங்கிட்டப் பேசறப்பவும் அப்படிப் பண்ணுவீங்களா?”

இல்லை கண்ணு என்றேன். ஆகஸ்டில், அந்தக் கிணற்று ஆட்டுக் கதை நாளில், என் முகம் எப்படி இருந்திருக்கும்? நல்லவேளை அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் கண் தெரியாததற்கு நான் நன்றி சொல்கிறேன். இதுதான் நான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கெடுவை எல்லோரும் மறந்திருந்தோம், அல்லது மறந்ததுபோல் இருந்தோம். நறுதான் மறக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, வலது கண்ணில் மூடியோடு பேப்பரை எடுத்துக்கொண்டு அப்பா எதிரில் உட்கார்ந்தாள். வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்ற செய்தி. இடது கண்ணால் மட்டும் வாசித்தாள். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. “மூடிய எடுத்துட்டு வாசி சாமி” என்று கோகுல் இரண்டு முறை கெஞ்சினார். கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

கடைசி வரி முடிந்ததும் கோகுல் எழுந்து வெளியே போய் வெடி வைத்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து நிமிடம் வைத்தார்.

பிறகு நான்தான் நறுவிடம் கேட்டேன், பள்ளிக்கூடம் போகிறாயா என்று. இந்த வாயால் கேட்டேன். “அடுத்த ஜூன்ல சொல்றேன்” என்றாள். “மொதல்ல ஊட்டுல ஒரு போர்டு வேணும். கனிஷ்கா ஊட்டுல இருக்குது.” கனிஷ்கா என்பது தாசில்தாரின் பேர். ஐந்து மாதமாக வாசலில் பார்க்கிறேன், பேர் கேட்கத் தோன்றவில்லை.

கோழிக்கூண்டுக் கதவைக் கழற்றினேன். எச்சத்தைச் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ரோசி வந்தாள். பஞ்சாயத்தில் வெள்ளிக்கிழமை பல் பரிசோதனையாம். பல்லுக்கு என்ன கேடு, மிட்டாய் விற்கிறவனும் நீங்களே, பல் பிடுங்குகிறவனும் நீங்களே என்று உள்ளே வரிசையாக வந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் போர்டு. அதன் கீழே நறு, ஒரு கண்ணில் மூடி, கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதட்டை நேராக வைத்திருந்தேன். கன்னம் வலித்தது. ரோசியை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, அவள் சொன்னதை முழுவதும் கேட்டேன். நோட்டீசை வாங்கிச் சுவரில் ஒட்டினேன்.

அவள் கேட்டைத் தாண்டியதும் நறுவைத் திரும்பிப் பார்த்தேன். “ஒதடு ஒரே ஒரு தடவதாம்மா மேல போச்சு” என்றாள், “அதும் கொஞ்சந்தான்.”

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. கருப்பாத்தாக்காவும் பல் வலி என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளையும் கூட்டிப்போக வேண்டும்.